எல்லாம் புதுசு, இன்ஸ்டால் மட்டும் ஆகவில்லை

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்தவர்களின் கேள்விகள் இந்த முறை. எல்லாருமே மென்பொருளைத்தான் திட்டுகிறார்கள். திரையில் வரும் பிழைச்செய்தியும் அதைத்தான் கைகாட்டுகிறது. ஆனால் புதுக் கணினியில் கோளாறு பெரும்பாலும் அதற்கும் கீழே, பயாஸிலோ (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை நிரல்) ரேமிலோ உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 11 போடும்போது டிரைவ் பட்டியல் காலியாக இருக்கிறது. எஸ்எஸ்டி புதுசு. பழுதான பொருளைக் கொடுத்துவிட்டார்களா?

கடைக்குக் கிளம்பும் முன் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா? தெரியாவிட்டால் அதைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகி, திருகை முடுக்குங்கள். பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டியில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு வகை உண்டு. சாட்டா வகையை என்விஎம்இ மட்டுமே ஏற்கும் ஸ்லாட்டில் செருகினாலும் இப்படித்தான் காணாமல் போகும். மதர்போர்டு கையேட்டில் எந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்று ஒரு அட்டவணை இருக்கும்.

பயாஸில் தெரிந்து, விண்டோஸில் மட்டும் தெரியவில்லையா? சிபியூ இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் என் சந்தேகம் விஎம்டி (இன்டெலின் டிரைவ் மேலாண்மை வசதி) மேல்தான். அது இயங்கினால், அதற்கான டிரைவர் (வன்பொருளோடு விண்டோஸைப் பேசவைக்கும் நிரல்) இல்லாமல் விண்டோஸுக்கு டிரைவ் கண்ணில் படாது. மதர்போர்டு நிறுவனத்தின் பக்கத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோடு டிரைவர்' மூலம் காட்டலாம். ரெய்டு (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்ப்பது) போடும் எண்ணம் இல்லையென்றால் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவதே சுலபம். ஆனால் அதை இப்போதே செய்யுங்கள். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் நீலத்திரைதான் மிஞ்சும்.

கேள்வி: பழைய கணினியின் எஸ்எஸ்டியைப் புது மதர்போர்டில் மாட்டினேன். முதலில் 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்றது. எதையோ மாற்றியதும் 'எம்பிஆர் டிஸ்க், போட முடியாது' என்கிறது.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ என்ற புது வகை பயாஸ் முறையும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். புது போர்டில் டிபிஎம் இருக்கும், அணைந்து கிடக்கலாம். இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். சிஎஸ்எம் என்பதை (பழைய பயாஸ் முறையில் இயக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள். டிபிஎம் சோதனையைத் தாண்டும் குறுக்குவழிகள் இணையத்தில் நிறைய உண்டு. புது போர்டுக்கு அது தேவையே இல்லை.

பழைய எஸ்எஸ்டி எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டது. யுஇஎஃப்ஐ-இல் விண்டோஸ் போட ஜிபிடி முறை வேண்டும். அதில் உள்ளதை வேறெங்காவது நகலெடுத்துக்கொண்டு, நிறுவும் திரையிலேயே அதன் பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக நீக்கி, மிஞ்சும் காலி இடத்தைத் தேர்ந்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். விண்டோஸே ஜிபிடிக்கு மாற்றிக்கொள்ளும். கல்யாண போட்டோக்கள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் கேபிளை அதற்கு முன்பே உருவிவிடுங்கள். பட்டியலில் டிரைவ் மாறிப்போவது சகஜம்.

கேள்வி: விண்டோஸ் நன்றாக ஏறிவிட்டது. பெரிய கேம், வீடியோ எடிட்டர் எதைப் போட்டாலும் 'கோப்பு சிதைந்துள்ளது' என்று நிற்கிறது. திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்துவிட்டேன். ஒருமுறை 34 சதவீதத்தில், இன்னொருமுறை 71-இல். சிபியூ மட்டும் செகண்ட் ஹேண்ட், இன்டெல் 13ஆம் தலைமுறை ஐ9.

துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கோப்பு நிஜமாகவே கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும். இடம் மாறினால் கோப்பின் மேல் தவறில்லை, அதைப் படித்துப் பிரிக்கும் வன்பொருள்தான் தடுமாறுகிறது. இன்ஸ்டாலர் என்பது அழுத்திச் சுருக்கிய மூட்டை. பிரிக்கும்போது ஒரே ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்புக் கணக்கு உதைக்கும். பாட்டுக் கேட்கும்போதும் பிரவுசர் பார்க்கும்போதும் வெளியே தெரியாத பிழை இங்கே உடனே பிடிபடுகிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். செவன்-ஜிப் என்ற நிரலைப் போட்டுக்கொண்டு, அந்த இன்ஸ்டாலர் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஷா-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) கணக்கிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து மறுபடி கணக்கிடுங்கள். ரீஸ்டார்ட் முக்கியம், இல்லையென்றால் ரேமில் ஏற்கெனவே தங்கியிருக்கும் நகலையே அது படிக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு எண் வந்தால், மென்பொருளைத் தேடுவதை அத்தோடு விட்டுவிடுங்கள்.

அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பியை அணையுங்கள் (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு, ஏஎம்டி போர்டில் எக்ஸ்போ). ரேம் பெட்டியில் போட்டிருக்கும் 6000 என்பது பெரும்பாலும் ஓவர்கிளாக், அதாவது இயல்பைத் தாண்டிய வேகம். போர்டும் சிபியூவும் அதைத் தாங்குமா என்பது வேறு விஷயம். நான்கு ஸ்டிக் போட்டிருந்தால் இன்னும் மோசம். ரைசன் 7000 வரிசையில் நான்கு டிடிஆர்5 ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600 மட்டுமே. எக்ஸ்எம்பி இல்லாமல் இன்ஸ்டால் ஓடிவிட்டால் ரேம் பக்கம்தான் பிரச்சினை. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை பென் டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். 'ஒரே ஒரு பிழைதானே' என்ற சமாதானம் வேண்டாம், ஒன்று வந்தாலும் கோளாறுதான். ஒவ்வொரு ஸ்டிக்காகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ரேம் சுத்தமாக வந்தால், உங்கள் விஷயத்தில் என் பார்வை சிபியூ மேல் போகும். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களின் நிலையின்மை 2024இல் பெரிய விவகாரமானது. சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, நாளடைவில் உள்ளே சீரழிந்தது. கேம் திறக்கும்போது 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று வரும், கிராபிக்ஸ் கார்டில் ஒரு குறையும் இருக்காது. சிலருக்கு என்விடியா டிரைவரின் மூட்டையே பிரியாது. ஆகஸ்ட் 2024இல் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்று மைக்ரோகோடு (சிபியூவின் உள்நிரல்) திருத்தங்கள் வந்தன. பயாஸை அதற்குப் பிந்தைய பதிப்புக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அது வரும் சேதத்தைத்தான் தடுக்கும், வந்துவிட்ட சேதத்தைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்தது. விற்றவரிடம் உடனே பில் கேட்டு வாங்கி வையுங்கள்.

கேள்வி: நிறுவும் நடுவில் இணையம் கேட்கிறது. வைஃபையும் வரவில்லை, லேன் கேபிளும் வேலை செய்யவில்லை. டிரைவர் இறக்கவே இணையம் வேண்டுமே!

ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை (போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் வசதி) இயக்குங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே உண்டு. உள்ளே போனதும் மதர்போர்டு பக்கத்திலிருந்து லேன், வைஃபை டிரைவர்களை இறக்கிக்கொள்ளலாம். புது நெட்வொர்க் சிப்கள் பலவற்றுக்கு நிறுவல் பென் டிரைவில் டிரைவர் இருப்பதில்லை. போர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

கேள்வி: இணையம் ஓடுகிறது. ஆனால் எந்த இன்ஸ்டாலரும் சர்வரோடு பேச மறுக்கிறது. பிரவுசரும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்கிறது.

கடிகாரத்தைப் பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாததாகத் தெரியும். சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்ட பிறகு தேதி மறுபடி பின்னால் போனால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை' என்கிறது. அந்தக் கோப்பை மட்டும் ஒரு தளத்தில் தருகிறார்கள், போடலாமா?

கூடவே கூடாது. யார் போட்டது, உள்ளே என்ன என்று தெரியாத கோப்பு அது. அந்தக் கோப்பு அடங்கிய, மைக்ரோசாஃப்ட் தரும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் மூட்டையைப் போடுங்கள். எக்ஸ்64 (64-பிட்), எக்ஸ்86 (32-பிட்) இரண்டும் வேண்டும். 64-பிட் விண்டோஸிலும் 32-பிட் நிரல்கள் ஓடுகின்றன.

கேள்வி: 90களில் வாங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஏறவில்லை. அச்சக வேலைக்கு வேண்டும்.

அந்தக் காலத்து நிரல்களில் பல 16-பிட். விண்டோஸ் 11 முழுக்க 64-பிட் என்பதால் அவை ஓடவே ஓடாது. 32-பிட் நிரலுக்கே இன்ஸ்டாலர் மட்டும் 16-பிட்டாக இருந்த கதையும் உண்டு. தட்டச்சு மட்டும் போதுமென்றால் தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளைத் திறக்க அந்த எழுத்துருவைப் போட்டாலே போதும். பழைய மென்பொருளேதான் வேண்டும் என்றால், மெய்நிகர் கணினி (கணினிக்குள் நிரலாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதற்குள் ஓட்டுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் விண்டோஸ் நிறுவல் முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே?

முதல் ரீஸ்டார்ட்டில் பென் டிரைவை உருவிவிடுங்கள்.