அப்பாவின் கிரியேட்டினின் 142: முதலில் அலகைப் பாருங்கள்

வணக்கம் தம்பி. டர்பனில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் ஒரு கழிவு) 142 என்று வந்ததாகவும், சென்னை உறவினர் "1.2-ஐத் தாண்டினாலே ஆபத்து" என்றதாகவும் எழுதியிருந்தீர்கள். பதற வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் இதை லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல் என்று தருவார்கள், இந்தியாவில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று. 88.4-ஆல் வகுத்தால் உங்கள் 142 அங்கே சுமார் 1.6. கூடுதல்தான், ஆனால் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை.

முந்தின இரவு மட்டன் கறி நிறையச் சாப்பிட்டிருந்தாலும், உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் இது சற்று ஏறும். அதனால் மறுபடி எடுத்துப் பார்ப்பது அவசியம். இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு) கேளுங்கள், அது 60-க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள்.

எனக்குக் கவலை வேறு. மூட்டுவலிக்குத் தினமும் இபுபுரூஃபன் போடுகிறார் என்கிறீர்கள், அதுவும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு! அந்த இபுபுரூஃபன் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்கும். இன்றே டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கால், முகம் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.