பந்துக் கணக்கில் தகராறா?

கேள்வி: நியூ ஜெர்சியில் என் மகன் ஆடும் லிட்டில் லீக் (சிறுவர்) பேஸ்பாலில் நான் தன்னார்வ ஸ்கோரர். பிட்சர் (பந்து வீசுபவர்) எத்தனை பந்து வீசினார் என்பதில் இரு அணிகளுக்கும் ஓயாத தகராறு. என்ன செய்வது?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: எண்ணும் பொறுப்பை ஒருவரிடமே கொடுங்கள். ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிந்ததும் இரு பயிற்சியாளர்களிடமும் எண்ணைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். ஆட்டம் முடிந்தபின் பேசினால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். பெரும்பாலும் விட்டுப்போவது ஃபவுல் பந்துகள், அதாவது பேட்டர் அடித்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போனவை. அவையும் கணக்கில் சேரும், வார்ம்-அப் பந்துகள் சேராது.

ஒரு பிட்சர் ஒரு நாளில் வீசக்கூடிய பந்துகளின் உச்சவரம்பு 9-10 வயதுக்கு 75, 11-12க்கு 85. ஒரு பேட்டருக்கு வீசும்போது நடுவில் வரம்பு எட்டினால், அந்த பேட்டருக்கு மட்டும் வீசி முடித்துக்கொள்ளலாம்.

வீசிய பின் எடுக்கவேண்டிய ஓய்வு பற்றிய விதிதான் அதிகம் மீறப்படுகிறது. 20 பந்து வரை ஓய்வு வேண்டாம். 21-35க்கு 1 நாள், 36-50க்கு 2, 51-65க்கு 3, 66 முதல் 4 நாள். சனிக்கிழமை 40 பந்து வீசிய பிள்ளை செவ்வாய்க்கிழமைதான் மறுபடி வீசலாம். 41 பந்து வீசிவிட்டால் அன்று கேட்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) நிற்கக்கூடாது. பயிற்சியாளர்கள் இதை மறந்தே போகிறார்கள்.

வளரும் வயதில் முழங்கை எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. பிள்ளை கை வலிக்கிறது என்றால், எண்ணிக்கை 15 ஆனாலும் உடனே மாற்றச் சொல்லுங்கள்.