ராணி ஜோடியும் மூன்று எதிராளிகளும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் போக்கரில் தோற்ற ஒரு கை இன்னும் மனதை விட்டு அகலவில்லை. எல்லோரிடமும் 100 பிக் பிளைண்ட் (கை தொடங்கும் முன் ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; இங்கே தொகைகள் எல்லாம் அந்தக் கணக்கில்) இருந்தது. ஸ்மால் பிளைண்டில் (சிறிய கட்டாயத் தொகையை வைத்து, பொதுச் சீட்டுகள் விழுந்த பின் முதலில் பேசும் இருக்கையில்) அமர்ந்திருந்த எனக்கு இஸ்பேட் ராணியும் டைமன் ராணியும் வந்தன. முதல் இருக்கைக்காரர் 3 பிக் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்ய (தொகையை உயர்த்த), நடுவில் ஒருவரும் பட்டனில் (கடைசியாகப் பேசும் இருக்கையில்) ஒருவரும் கால் செய்தார்கள் (அதே தொகையைப் போட்டார்கள்); நானும் கால் செய்தேன்; பிக் பிளைண்ட் விலகினார். பிளாப்பில் (எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டுகளில்) ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் பத்து, கிளாவர் ஆறு. டிராவில் இருப்பவர்களை (ஒரே இனத்தில் ஐந்தோ வரிசையாக ஐந்தோ சேர இன்னும் சீட்டு வேண்டிக் காத்திருப்பவர்களை) விரட்டிவிட வேண்டும் என்று பாட் (நடுவில் சேர்ந்திருக்கும் தொகை) முழுவதற்கும், அதாவது 13, வைத்தேன். பட்டன் அதை 40 ஆக்கினார், மற்ற இருவரும் விலகினார்கள், நான் எல்லாவற்றையும் போட்டேன். அவரிடம் இரண்டு பத்துகள் இருந்தன. வலுவான கையைப் பாதுகாக்க நினைத்தது தவறா?

கே.

அன்புள்ள கே.,

பாதுகாக்க நினைத்ததில் தவறில்லை. ஆனால் பாதுகாப்பு தேவைப்படும் கை பெரும்பாலும் ரெய்ஸைத் தாங்காத கையாகவும் இருக்கும். அதிலும் மூன்று பேருக்கு முன்னால் முதல் ஆளாகப் பேச வேண்டிய இடத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே வரும்.

ஏஸ் ஜோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டுகளுடன் கடைசிவரை வந்தால் அது ஏறக்குறைய 85 சதவீதம் ஜெயிக்கும். மூன்று பேர் வந்தால் 64 சதவீதம்தான். உங்கள் பிளாப் அதைவிட மோசமானது. நீங்கள் பார்க்காத 47 சீட்டுகளில் ஆட்டின் 11. ஆட்டின் அல்லாத ஏஸ், ராஜா, ஒன்பது, எட்டு ஆகியவை 12. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) இந்த 23-இல் எது விழுந்தாலும் உங்களுக்கு மகிழ்ச்சி இருக்காது. ஆட்டின் ராணி வந்து மூன்று ராணிகள் சேர்ந்தால்கூட நிம்மதியாக இருக்க முடியாது என்பது இந்த பிளாப்பின் குறும்பு.

பாட் அளவுக்கு வைத்தபோது உண்மையில் யாரை விரட்டினீர்கள்? நீங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தவர்களை. மூன்று பேரை நோக்கி முதல் ஆள் இவ்வளவு பெரிதாக வைத்த பிறகும் ஒருவர் ரெய்ஸ் செய்கிறார் என்றால், அவரிடம் செட்டோ (கையில் உள்ள ஜோடியோடு மேசையில் அதே சீட்டு ஒன்று), இரண்டு ஜோடியோ, மிகப் பெரிய டிராவோ இருக்கும். அந்த டிரா ஆட்டின் ஏஸ் ராஜாவாக இருந்தால், அவரைக் காப்பாற்றும் சீட்டுகள் 16; இரண்டு சீட்டுகள் வர இருக்கும் நிலையில் அவருக்கே பாதிக்கு மேல் வாய்ப்பு. ஆகவே அந்த 40-க்கு நீங்கள் விலகியிருக்க வேண்டும். ஏற்கெனவே 13 போட்டுவிட்ட பிறகு மனம் வராது என்பது எனக்கும் தெரியும்.

நானாக இருந்தால் இந்த பிளாப்பில் செக் செய்திருப்பேன் (எதுவும் வைக்காமல் முறையைக் கடத்தியிருப்பேன்). அது பயத்தினால் அல்ல, அடுத்த பேட் (பந்தயத் தொகை) எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்பதற்காக. உங்களுக்கு அடுத்திருக்கும் முதல் ரெய்ஸர் வைத்தால், மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் முறை உங்களிடம் திரும்பும். நடுவில் ஒரு ரெய்ஸ் வந்திருந்தால் ஒரு சிப்பும் இழக்காமல் விலகலாம். எல்லோரும் செக் செய்து பட்டன் மட்டும் வைத்தால் அப்போது ரெய்ஸ் செய்யுங்கள். பட்டனின் பேட்டுக்குப் பின்னால் பலவீனமான கைகள் நிறைய இருக்கும். நடுவில் இருக்கும் இருவரும் பட்டனின் பேட்டோடு உங்கள் ரெய்ஸையும் சேர்த்துச் சந்திக்க வேண்டும். நீங்கள் விரும்பிய பாதுகாப்பு அங்கேதான் கிடைக்கிறது. சில நாட்களில் நால்வரும் செக் செய்து, டர்னில் இலவசமாக ஓர் ஆட்டின் விழும். 13 பிக் பிளைண்ட் மட்டுமே உள்ள பாட்டில் அந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சிறிதாக 4 வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். ஆட்டின் டிரா வைத்திருப்பவர் 4 போட்டு 17-ஐ வெல்லப் பார்க்கிறார். அவருக்குத் தேவை 19 சதவீதம், டர்னில் அவருக்கு ஆட்டின் வரும் வாய்ப்பும் கிட்டத்தட்ட அதுவே. பேட்டுக்குச் சரியான விலை கொடுத்து அவர் உள்ளே வந்துவிடுவார். ஜாக்கி, ஆறு, இரண்டு என மூன்றும் வெவ்வேறு இனத்தில் விழும் பிளாப்பில் இதே சிறிய பேட்டை நான் தயங்காமல் வைப்பேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பிளாப்புக்கு முன்பே நீங்கள் கால் செய்யாமல் 15-க்கு ரெய்ஸ் செய்து, முதல் ரெய்ஸர் மட்டும் கால் செய்திருந்தால், பாட் 37 ஆகவும் உங்களிடம் மீதம் 85 ஆகவும் இருந்திருக்கும், அதாவது பாட்டைப் போல இரண்டே கால் மடங்குக்குச் சற்று மேல். நீங்கள் ஆடியதோ ஏழு மடங்குக்கு மேல் சிப்புகளை வைத்துக்கொண்டு, மூன்று பேருக்கு எதிராக, ஒற்றை ஜோடியுடன். அந்தப் பத்துகள் வைத்திருந்தவர் 15-க்கு வந்திருப்பாரா என்பதே சந்தேகம்.