துருப்பிடிக்க வைப்பது எப்படி? சின்னக் கார் கேள்வி – பதில்

? எங்கள் ஐயா வைத்திருந்த வெள்ளை அம்பாசிடர் கடைசிக் காலத்தில் ஓடாமல் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையிலேயே நின்றுபோனது. அதே கோலத்தில் 1/24 அளவில், அதாவது அசலில் இருபத்துநாலில் ஒரு பங்காக, சின்ன மாடல் செய்ய ஆசை. கிட் (பாகங்களாக வரும் மாடல் பெட்டி) எங்கே கிடைக்கும்? துருவை எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர், தேவகோட்டை

கிட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். தமியா, ஹசேகாவா, ரெவெல் என்று பெரிய கிட் கம்பெனிகளிலேயே தேடிக்கொண்டிருந்தால் அம்பாசிடர் வராது. உலோக பொம்மைக் காரை வாங்கிப் பிரித்துப் பெயின்டைச் சுரண்டி எடுப்பது, இல்லாவிட்டால் முப்பரிமாண அச்சில் எடுத்த ரெசின் (பிளாஸ்டிக் மாதிரி இறுகும் பிசின்) பாடியைப் பிடிப்பது, இந்த இரண்டுதான் வழி. பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள், ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அசல் வண்டி ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம், எனவே 1/24 என்றால் 18 செ.மீ. வர வேண்டும். அப்புறம், ஐயாவின் வண்டி எந்த மாடல் என்று பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். 1957-ல் தொடங்கி 2014 வரை வந்த வண்டி அது, வடிவம் மாறவில்லை என்று எல்லோரும் சொன்னாலும் மார்க் 2-ன் முகம் வேறு, மார்க் 4-ன் முகம் வேறு. கிரில் தப்பினால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள்.

இனி துரு. ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஆரஞ்சுப் பெயின்டை எடுத்துக் கார் முழுக்கத் தெளித்துவிடுகிறார்கள், அது துருவாகத் தெரியாது, அம்மை போட்டது போலத் தெரியும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். தண்ணீர் எங்கே தேங்கும்? கதவின் அடி விளிம்பில், ஏனென்றால் கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் வெளியே போகும் துளைகள் தூசியால் அடைத்துக்கொள்ளும். மட்கார்டின் கீழ்முனையில், கூரை ஓரத்தில் தண்ணீர் ஓடும் பள்ளத்தில், டிக்கியின் தரையில். வெயில் வேலை செய்வது கூரையிலும் பானெட்டிலும், அங்கே பெயின்ட் பளபளப்புப் போய்ச் சுண்ணாம்புபோல் வெளுக்கும், துரு அவ்வளவாக வராது.

ஓடுகிற காரும் நின்றுபோன காரும் ஒரே மாதிரி அழுக்காவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. ஓடுகிற வண்டிக்குச் சக்கரத்தின் பின்னால் சேறு, பம்பரில் பூச்சி. உங்கள் வண்டி நின்ற வண்டி, அதனால் சேறே வேண்டாம். படுத்திருக்கும் பரப்புகளில் மட்டும் தூசி, ஓடு உடைந்த இடம் எதுவோ அதற்கு நேர் கீழே ஒரே ஒரு பக்கத்தில் தண்ணீர் வடிந்த கோடு, கொஞ்சம் புறா எச்சம், காற்று இறங்கிய டயர். டயரின் அடியை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் போதும், கறுப்பில் சாம்பல் நிறம் கலந்து பூசுங்கள். புது டயர்கூட மை கறுப்பில் இருப்பதில்லை.

செய்முறை ஹேர் ஸ்ப்ரேயை வைத்துத்தான். பிரைமருக்கு (அடிப்பூச்சு) மேல் துரு வரவேண்டிய இடங்களில் கரும்பழுப்பு, அதில் அங்கங்கே ஆரஞ்சு; இதைத் தண்ணீரில் கரையாத எனாமல் பெயின்டிலோ லாக்கர் பெயின்டிலோ பூசி நன்றாகக் காயவிடுங்கள். அதன்மேல் மலிவான ஹேர் ஸ்ப்ரே இரண்டு கோட். காய்ந்ததும் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் வெள்ளை, அதிலும் ஒரு சொட்டு கிரீம் கலந்துகொள்ளுங்கள், சுத்த வெள்ளை சின்ன அளவில் பொம்மையாகத்தான் தெரியும். அரை மணி கழித்து, வேண்டிய இடத்தை மட்டும் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் நனைத்துத் தட்டித் தட்டித் தேயுங்கள். அடியில் இருக்கும் ஹேர் ஸ்ப்ரே இளகும், வெள்ளை செதில் செதிலாக உரிந்து உள்ளே துரு எட்டிப் பார்க்கும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பெயின்ட் இறுகிவிடும், அன்றைக்கே முடித்து வார்னிஷ் அடித்துவிடுங்கள். குரோம் பம்பரைத் துருவாக்க வேண்டாம், பழுப்பு வாஷில் (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) சில புள்ளிகள் போதும்.

? எங்கள் ஊர்ச் செம்மண்ணையே அள்ளிக் காரில் பூசினால் அசலாக இருக்காதா?
– வாசகர், கானாடுகாத்தான்

நிறம் அசலாக இருக்கும், பருமன் இருக்காது. 1 மி.மீ. மணல் ஒன்று 1/24 காரில் ஒட்டினால் அது 24 மி.மீ. சரளைக் கல், கார்மேல் ஜல்லி கொட்டிய மாதிரி ஆகிவிடும். மண்ணை வெயிலில் காயவைத்து, அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்து, துணிக்குக் கீழே விழும் பொடியை மட்டும் எடுங்கள். அதைவிடச் சுலபம் ஹார்டுவேர் கடையில் சிமென்ட் தரைக்கு விற்கும் ரெட் ஆக்ஸைடு, மஞ்சள் ஆக்ஸைடு பொடிகள். துரு, செம்மண், ஆக்ஸைடு பொடி மூன்றுக்கும் நிறம் கொடுப்பது இரும்பு ஆக்ஸைடுதான், ஆகவே இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ரெட் ஆக்ஸைடு தனியாகப் போட்டால் குங்குமமாகச் சிவக்கும், மஞ்சளும் கொஞ்சம் சாக்பீஸ் பொடியும் கலந்தால்தான் நம் ரோட்டுத் தூசி வரும். மேட் (பளபளக்காத) வார்னிஷ் அடித்த பரப்பில் உலர்ந்த பிரஷ்ஷால் தடவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு ஓரத்தில் விட்டால் தானே பரவிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள், அந்தச் சிவப்பு போகாது.

? ஐப்பசி மழையில் ஸ்ப்ரே அடித்தேன், கருநீலக் கார் பால் ஊற்றினதுபோல் வெளுத்துவிட்டது. காரை வீசிவிடலாமா?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

வீசாதீர்கள் தம்பி. லாக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, ஈரக்காற்றில் இருக்கும் நீர் அதன்மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது, அந்த வெண்மைதான் அது. வெயில் அடிக்கும் ஒரு நாளில், காலை பத்து பதினொரு மணிக்கு மேல், அதே ஸ்ப்ரேயைத் தொட்டும் தொடாமலும் ஒரு மெல்லிய கோட் அடித்தால் பழைய பூச்சு இளகி ஈரம் வெளியேறிவிடும், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். சித்திரை மதியத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை: பெயின்ட் காரில் படும் முன்பே காற்றில் காய்ந்து, பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அப்போது இன்னும் கிட்டத்தில் பிடித்து அடியுங்கள்.

? சூப்பர் க்ளூ போட்டேன், கார்க் கண்ணாடி முழுக்கப் பனி மூடினாற்போல ஆகிவிட்டது.
– வாசகர், புதுவயல்

அந்தப் பசையின் ஆவி படிந்ததால் வந்தது. கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும், காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. இப்போதைக்கு மெல்லிய துணியில் பற்பசை தொட்டுப் பொறுமையாகத் தேயுங்கள், பிறகு க்ளாஸ் (பளபளக்கும்) வார்னிஷ் ஒரு கோட். உள்பக்கம் பனி என்றால் கண்ணாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

? பேரன் பன்னிரண்டாம் வகுப்பு. புதுக் கார் பொம்மையை விலை கொடுத்து வாங்கி, அதை வேண்டுமென்றே அழுக்காக்குகிறான். வீடெல்லாம் தின்னர் நெடி. இது என்ன விளையாட்டு?
– ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

ஆச்சி, அழுக்காக்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் புதிதாகப் பாலிஷ் போட்டதைத் தள்ளிவிட்டுக் கை பட்டுத் தேய்ந்ததைத்தானே கேட்கிறார்கள், பேரனுக்கும் அந்த ருசிதான். பரீட்சை சமயத்தில் பெட்டியைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

நெடி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. மூடிய அறையில் அடிக்கவே கூடாது, வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) அடித்தால் நெடி சுற்றிலும் உள்ள அறைகளுக்குள் போகும், பின்பக்கத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். அடுப்புப் பக்கமே ஸ்ப்ரே கேன் போகக்கூடாது. பிரஷ்ஷால் பூசுவதற்குத் தண்ணீர்க் கலவை அக்ரிலிக் வாங்கச் சொல்லுங்கள், பாதி நெடி அதிலேயே குறையும். சமையல் கிண்ணத்தில் பெயின்ட் கலந்தால் அந்தக் கிண்ணம் இனி அவனுடையது.

? முகப்புத் தரையோடு சேர்த்துக் காரை நிறுத்த நினைக்கிறேன். எங்கள் ஊர்த் தரை ஓட்டைச் சின்னதாகச் செய்ய முடியுமா?
– வாசகி, ஆத்தங்குடி

உங்களிடம் அசல் காலடியிலேயே இருக்கிறது, நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். 10 அங்குல ஓடு 1/24-ல் 10.6 மி.மீ., 8 அங்குலம் என்றால் 8.5 மி.மீ. படத்தை அந்த அளவுக்குச் சுருக்கி, வரிசையாக அடுக்கி, கெட்டித் தாளில் அச்சடித்து அட்டையில் ஒட்டினால் தரை ரெடி. ஓடுகளுக்கு நடுவே தடித்த கோடு போடாதீர்கள், அசல் தரையில் இணைப்பு நெருக்கமாக இருக்கும். ஆத்தங்குடி ஓட்டை வார்ப்பது கண்ணாடிமேல், பளபளப்பு அதிலிருந்து வருவது, ஆகவே முழுத் தரைக்கும் க்ளாஸ் வார்னிஷ். நடக்க நடக்க மினுங்கும் தரை அது, அதனால் பிறகு ஆள் நடக்கும் வழியை விட்டுவிட்டுத் தூண் அடியிலும் சுவர் ஓரத்திலும் மட்டும் மேட் வார்னிஷ்ஷை மெல்லப் பிரஷ்ஷால் தொடுங்கள். காரை ஏற்ற முகப்பில் சரிவு இருக்கிறதா, இல்லையென்றால் படியோரம் தெருவிலேயே நிறுத்துங்கள், படிமேல் ஏறி நிற்கும் அம்பாசிடரை யாரும் நம்ப மாட்டார்கள்.