சமையல் எண்ணெய் விட்டும் சூட்கேஸ் சக்கரம் சுற்றவில்லையா?

இன்னும் எண்ணெய் விடாதீங்க. அச்சைச் சுத்தம் செய்தால் போதும். ஒரு சக்கரம் மட்டும் இழுபடுகிறது என்றால், பெரும்பாலும் தலைமுடியும் நூலும் அச்சில் இறுகச் சுற்றியிருக்கும். நீங்கள் விட்ட சமையல் எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகியிருக்கும்.

1. பெட்டியைக் கவிழ்த்து, சிறு கத்தரியால் முடியை வெட்டி இடுக்கியால் உருவுங்கள். இதுதான் முக்கால்வாசி வேலை, அவசரப்படாதீங்க.
2. சோப்புநீரில் நனைத்த பழைய பல்துலக்கியால் பிசுக்கைத் தேயுங்கள். துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.
3. அச்சில் கொஞ்சம் சிலிகான் ஸ்ப்ரே.

இப்போது விரலால் சுண்டிப் பாருங்கள். தடையில்லாமல் சில சுற்றாவது ஓட வேண்டும். கரகரவென்றால் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். சக்கரத்தை மாற்றத்தான் வேண்டும். விட்டம், அகலம், அச்சின் தடிமன் மூன்றையும் அளந்தபின் வாங்குங்கள்.

அச்சு ரிவெட் அடித்ததாக (திருகாணி இல்லாமல் நிரந்தரமாக அறைந்ததாக) இருந்தால் நெம்பாதீங்க, பிளாஸ்டிக் கூடு விரிசல் விடும்.