மேற்கு ஆப்பிரிக்காவின் சொங்காய் பேரரசு வீழ்ந்த பிறகு அந்த மக்களின் மொழி என்ன ஆனது? இன்றும் யாராவது பேசுகிறார்களா?

பேசுகிறார்கள், லட்சக்கணக்கில். ஆனால் ஒரே மொழி என்று சொல்ல முடியாது. சொங்காய் என்பது ஒரு சிறிய மொழிக்குடும்பம். மொழியியலாளர் கிரீன்பர்க் 1963இல் இதை நைலோ-சகாரா என்ற பெரிய ஆப்பிரிக்க மொழிக்குடும்பத்தில் சேர்த்தார். அறிஞர்கள் பலர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இங்கே நமக்கு வேண்டாம்.

மாலி நாட்டின் டிம்பக்டுவில் பேசுவது கொய்ரா ச்சீனி. நைஜர் ஆற்றோடு கிழக்கே போனால் காவோவில் கொய்ராபோரோ சென்னி. இன்னும் கீழே நைஜர் நாட்டில் நியாமே, தோஸ்ஸோ பக்கம் ஜர்மா. இந்தக் குடும்பத்தில் அதிகம் பேர் பேசுவது இதைத்தான். அதற்கும் தெற்கே பெனினில் டெண்டி. எல்லாம் ஒரே ஆற்றை ஒட்டியவை, ஆனாலும் வித்தியாசம் நிறைய. ஜர்மாவில் குரலை ஏற்றி இறக்கினால் சொல்லின் பொருளே மாறிவிடும். டிம்பக்டுவிலும் காவோவிலும் அது மறைந்துவிட்டது. காவோக்காரர்கள் செயப்படுபொருளை வினைக்கு முன்னால் வைப்பார்கள், டிம்பக்டுக்காரர்கள் பின்னால்.

சரி, பேரரசுக்கு வருவோம். 1464இல் ஆட்சிக்கு வந்த சுன்னி அலி பெரிதாக்கிய அரசு அது. பின்னர் ஆட்சியைப் பிடித்த அஸ்கியா முகம்மது அதை இன்னும் விரித்தார். 1591இல் மொராக்கோ சுல்தான் அனுப்பிய படை துப்பாக்கிகளோடு சகாராவைக் கடந்து வந்து, காவோவுக்கு அருகே தோந்திபியில் சொங்காய் படையை முறியடித்தது. மிஞ்சிய அரச குலத்தார் தெற்கே டெண்டி பகுதிக்குப் போய்ப் போராட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வென்ற வீரர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. ஸ்பெயினில் பிறந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்து டிம்பக்டுவிலும் காவோவிலும் தங்கிவிட்டார்கள். அவர்களின் வம்சத்தாருக்கு அர்மா என்று பெயர். நாளடைவில் இவர்களுக்கும் தாய்மொழி சொங்காய் ஆகிவிட்டது! வீட்டிலும் சந்தையிலும் படகுத்துறையிலும் அதுதான் புழங்கியது. வேறு மொழியை வைத்துக்கொண்டு அங்கே காலம் தள்ள முடியாது. அரசு போன பிறகும் மொழி நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆற்றை விட்டு வெகுதூரம் போன கிளைகளும் உண்டு. மாலியின் மெனாகா பக்கம் ஒட்டகம் மேய்க்கும் இதக்சஹாக் மக்களின் ததக்சஹாக் மொழியில் அடிப்படை வினைகள் சொங்காய், மற்றவை பெரும்பாலும் துவாரெக், அதாவது சகாரா நாடோடிகள் பேசும் பெர்பெர் மொழி. பெர்பெர் என்பது வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளின் மொழிக்குடும்பம். ஒரு செயலைப் பிறரைக் கொண்டு செய்விப்பதாகச் சொல்ல வேண்டுமானால் சொங்காய் வினையை அப்படியே விட்டுவிட்டு அதே பொருளுள்ள துவாரெக் வினைக்கு மாறிவிடுவார்கள். இரண்டு மொழிகள் இவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடப்பது அபூர்வம்.

அப்புறம் தபெல்பலா. அல்ஜீரியாவின் தென்மேற்கில், பழைய ஒட்டக வணிகப் பாதையில் உள்ள பாலைவனச் சோலை. டிம்பக்டுவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அங்கே பேசும் கொரஞ்சேயும் சொங்காய்தான். சொற்களில் பாதிக்கு மேல் பெர்பெரும் அரபும் வந்து நிறைந்துவிட்டன. எண்களில் ஒன்று, இரண்டு, மூன்று மட்டும் சொங்காய், நாலிலிருந்து அரபு. இருந்தாலும் அன்றாட வினைகளும், நான், நீ என்னும் சொற்களும் ஆற்றங்கரையிலிருந்து வந்தவையே.

இந்த மொழியை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்று சென்ற நூற்றாண்டின் கடைசியில் பெற்றோர்கள் அவர்களிடம் அரபியிலேயே பேசத் தொடங்கினார்கள். பெற்றவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. கொரஞ்சேக்கும் வகுப்பறையில் ஓர் இடம் இருந்திருந்தால் அவர்கள் அந்த முடிவுக்கே வந்திருக்க வேண்டியதில்லை. மாலியில் 2023 அரசியலமைப்பு, சொங்காய் உட்பட 13 நாட்டு மொழிகளை ஆட்சிமொழியாக்கி, பிரெஞ்சை அந்த இடத்திலிருந்து இறக்கியது. அல்ஜீரியாவில் அரபும் தமஸைட் என்னும் பெர்பெர் மொழியும் மட்டுமே ஆட்சிமொழிகள். கொரஞ்சேக்கு அங்கே எந்த அந்தஸ்தும் இல்லை.