போனைத் திருப்பியதும் காலியான திரை: ஒரு மாணவருக்குப் பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேர்காணலில் நீங்கள் செய்த செலவுக்கணக்கு ஆப்பைக் காட்டியிருக்கிறீர்கள். எதிரில் இருந்தவர் போனை வாங்கி, ஒரு செலவைப் பாதி பதிந்துவிட்டுப் போனைப் படுக்கைவாட்டில் திருப்பியிருக்கிறார். தேர்ந்தெடுத்த தேதி காணோம், சேர்த்த பட்டியலும் காலி. தட்டச்சு செய்த தொகை மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. "இது மட்டும் எப்படி நின்றது?" என்று அவர் கேட்க, உங்களுக்குப் பதில் வரவில்லை. இப்போது அப்பா வேறு கோர்ஸில் சேரச் சொல்கிறார், சேரட்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். துறையை மாற்றும் அளவுக்கு இது பெரிய குறை இல்லை. ஆனால் லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. நேர்காணல் எடுத்தவர் உங்களை மடக்கக் கேட்கவில்லை. வீடியோவைப் பார்த்து நிரல் எழுதியவர் யார், ஆண்ட்ராய்டு உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்து எழுதியவர் யார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நடந்தது இதுதான். போனைத் திருப்பியதும் ஆண்ட்ராய்டு உங்கள் ஆக்டிவிட்டியை, அதாவது ஆப்பின் ஒரு திரையை நடத்தும் பகுதியை, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. நின்றவாட்டுக்கு ஒரு லேஅவுட் (திரை அமைப்பு), படுக்கைவாட்டுக்கு வேறொன்று இருக்கலாம் அல்லவா, சரியானதை எடுத்துப் போடத்தான் இந்த ஏற்பாடு. போனின் மொழியை மாற்றினாலும், டார்க் மோடுக்குப் போனாலும் வழக்கமாக இதேதான் நடக்கும். ஆக்டிவிட்டிக்குள் சாதாரண மாறிகளில் வைத்திருந்த தேதியும் பட்டியலும் பழைய ஆக்டிவிட்டியோடு போய்விட்டன. தொகையை எழுதிய எடிட்டெக்ஸ்ட்டுக்கு, அதாவது தட்டச்சு செய்யும் பெட்டிக்கு, ஐடி (அடையாளப் பெயர்) கொடுத்திருக்கிறீர்கள். ஐடி இருந்தால் அது தன் எழுத்தைத் தானே சேமித்து மீட்டுக்கொள்ளும். தேதியைக் காட்டிய டெக்ஸ்ட்வியூ, அதாவது எழுத்தைக் காட்ட மட்டும் செய்யும் பகுதி, வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. அவர் எதிர்பார்த்த பதில் இவ்வளவுதான்.

சரி, எப்படித் திருத்துவது? பட்டியலை வியூமாடலில், அதாவது திரைக்கு வேண்டிய தகவலை ஆக்டிவிட்டிக்கு வெளியே வைத்திருக்கும் பகுதியில், வையுங்கள். திரை திரும்பும்போது ஆக்டிவிட்டி மாறினாலும் வியூமாடல் பிழைத்திருக்கும். ஆனால் பயனர் வேறு ஆப்புக்குப் போயிருக்கும்போது, நினைவகம் போதாமல் சிஸ்டம் உங்கள் ஆப்பின் புராசஸையே (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பையே) நிறுத்திவிட்டால் வியூமாடலும் போய்விடும். அதற்குத்தான் சேவ்டுஸ்டேட்ஹேண்டில், புராசஸ் நின்றாலும் சிறு தகவல்களைக் காத்துத் திருப்பித் தரும் பெட்டி. அதில் தேதி, தேர்ந்தெடுத்த வரிசையின் ஐடி போன்ற சின்னச் சின்னவற்றை மட்டும் வையுங்கள். படத்தையோ முழுப் பட்டியலையோ திணித்தால் ஆப் கிராஷ் ஆகலாம், ஏனென்றால் அந்தத் தகவல், ஆப்புக்கும் சிஸ்டத்துக்கும் இடையே செய்தி கடத்தும் பைண்டர் வழியாகப் போகிறது. பைண்டரின் இடம் ஒரு புராசஸுக்கு மொத்தமே 1 எம்பிதான். பதிந்து முடித்த செலவுகள் போனிலேயே நிரந்தரமாகச் சேமிக்கும் ரூம் டேட்டாபேஸுக்குப் போய்விட வேண்டும். திரைகளை நிரலாகவே எழுதும் புதிய முறையான காம்போஸில் எழுதுகிறீர்கள் என்றால், மதிப்பை நினைவில் வைக்கும் வெறும் ரிமெம்பர் திரை திரும்பியதும் மறந்துவிடும், ரிமெம்பர்சேவபிள் மறக்காது.

நண்பர்கள் சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள். மேனிஃபெஸ்டில் (ஆப்பின் அமைப்புகளை எழுதும் கோப்பில்) திரையை நின்றவாட்டிலேயே பூட்டிவிடு, பிரச்சினை தீர்ந்தது என்பார்கள். அதைச் செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டு 16-ஐக் குறிவைத்து எழுதும் ஆப்களில், டேப்லெட், விரித்த மடிப்பு போன் போன்ற பெரிய திரைகளில் இந்தப் பூட்டைச் சிஸ்டமே பொருட்படுத்தாது. கேம்களுக்கு விலக்கு உண்டு. பூட்டு வேலை செய்தாலும் டார்க் மோடு மாறும்போது தேதி மறுபடி காணாமல் போகும். நேர்காணலில் இதைத் தீர்வாகச் சொன்னால், அடிப்படை தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த இரண்டு வாரம் புது ஆப் எதையும் தொடங்க வேண்டாம். மூன்று ஆப் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ரெஸ்யூமேயில் எண்ணிக்கையைக் கூட்டுவதை விட ஒன்றை உருப்படியாக்குவதுதான் உங்களுக்கு உதவும். இந்தச் செலவுக்கணக்கு ஆப்பையே எடுத்து ஒவ்வொரு திரையிலும் பாதி வேலையில் போனைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் போன் அமைப்புகளில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குப் போய், "ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே" (Don't keep activities) என்ற அமைப்பை ஆன் செய்து, வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பி வாருங்கள். அப்போது வியூமாடலும் அழிந்திருக்கும், எதைச் சேமிக்கத் தவறினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். சோதனை முடிந்ததும் அதை ஆஃப் செய்துவிடுங்கள். எது எங்கே தொலைந்தது, ஏன் தொலைந்தது, எங்கே மாற்றி வைத்தீர்கள் என்று நிரலைப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தின் ரீட்மீயில் (அறிமுகக் குறிப்பில்) அரைப் பக்கம் எழுதுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், நேர்காணலில் பேசும்போது அதுதான் வாயில் வரும்.

அப்பாவின் கவலையும் நியாயமானதே, அவரிடம் சண்டை போடாதீர்கள். இரண்டு மாதம் அவகாசம் கேளுங்கள். அதற்குள் குறைந்தது ஐந்து இடங்களுக்காவது விண்ணப்பியுங்கள். அவர் என்னிடம் பேச விரும்பினால் எந்த மாலையும் அழைக்கலாம், நான் பேசுகிறேன்.